புகுவாயிலும் திறப்பும்

வீடு என்று ஒன்று இருப்பின் அதற்கு வாயில் ஒன்று உண்டு. வாயிலுக்குக் கதவும், கதவுக்குப் பூட்டும், பூட்டுக்குத் திறப்பும் உண்டு. ஆயின், இக்காலத்திலே நம் குடும்பத்தார் நாள்தோறும் கடந்து செல்லும் வாயில்களுட் பல மரத்தாற் செய்யப்பட்டவையல்ல. வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கு ஒரு வாயில். மின்கட்டணம் செலுத்துதற்கு ஒரு வாயில். பிள்ளையின் பாடங்களைக் காண ஒரு வாயில். கடல்கடந்து வாழும் மகனுக்கு மின்னஞ்சல் எழுத இன்னொரு வாயில். இணையத்தளங்களின் முகப்பிலே நிற்கும் இவ்வாயில்களிற் பெரும்பாலானவை நம்மிடம் கேட்பன இரண்டே: உன் பெயர் யாது? உன் கடவுச்சொல் யாது?

‘லொகின்’ என்று யாவரும் வழங்கும் இதனைத் தமிழிற் ‘புகுபதிகை’ என்பர். நம் கல்லூரிகளிற் பயிலும் பிள்ளைகள் பலர் இன்று நிரல் எழுதக் கற்கின்றனர். அவர்கள் தொடக்கத்திற் செய்து பழகும் பொருள்களுள் இப்புகுபதிகைப் பக்கமும் ஒன்று. இரண்டு பெட்டிகளும் ஒரு பொத்தானும் வரைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவர்கள் எண்ணுதல் இயல்பே. பார்வைக்கு இத்துணை எளிதாயிருந்தும், பிழை நேர்ந்தவிடத்துப் பிறருக்கு இத்துணைத் தீங்கு பயக்கும் உறுப்பு ஓர் இணையத்தளத்தில் வேறில்லை எனலாம். ஆதலின், அவ்வாயில் எவ்வாறு செய்யப்படுகின்றது, எவ்வாறு செய்யப்படல் வேண்டும் என்பதைச் செய்வோரும் அதனூடே செல்வோரும் அறிந்துகொள்ளுதல் நன்று.

ஒரு தச்சன் வீட்டுக்கு வீடு புதிதாகக் கதவு செய்யாமல், நிலையும் கதவும் பூட்டுமாகப் பட்டறையிலே ஆயத்தம் செய்துவைக்கிறான் என்று கொள்வோம். வாங்குபவர் தம் வீட்டுக்கு ஏற்ற நிறத்தைப் பூசிக்கொள்ளலாம், கைபிடியை மாற்றிக்கொள்ளலாம். மென்பொருள் செய்வோரும் இம்முறையையே கையாளுகின்றனர். ஒருமுறை செம்மையாகச் செய்த புகுவாயிலைப் பல தளங்களும் தத்தம் தேவைக்கேற்ப மாற்றிப் பொருத்திக்கொள்கின்றன. எதை மாற்றவிடலாம், எதை மாற்றவிடலாகாது என்பதே இத்தொழிலின் உயிர்நிலை.

மூன்று வினாக்கள்

வாயில் காப்போன் கேட்பது ஒரு வினாவன்று, மூன்று வினாக்களாகும். நீ யார்? நீ அவரே என்பதற்குச் சான்று யாது? உள்ளே சென்றபின் எவ்வெவ் அறைகளுக்குச் செல்ல உனக்கு உரிமையுண்டு? இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனாலேயே பல பிழைகள் விளைகின்றன. பாடசாலைத் தளத்திலே மாணவனும் நுழைகின்றான், ஆசிரியரும் நுழைகின்றார். இருவரும் மெய்யானவரே. எனினும், புள்ளிப் பதிவேட்டைத் திருத்தும் உரிமை ஒருவருக்கே உண்டு.

அசோகவனத்திலே பிராட்டியின் முன்னே நின்ற அனுமன், தன்னை இராமனுடைய தூதன் என்றான். அது முதல் வினாவுக்கு விடை. துறவி வேடத்தாற் பெரிதும் வஞ்சிக்கப்பட்ட பிராட்டியோ எளிதில் நம்பத்தக்க நிலையில் இல்லை. அனுமன், இராமனும் பிராட்டியுமே அறிந்த அடையாளச் செய்திகளைச் சொன்னான். கணையாழியையும் கையிற் கொடுத்தான். உள்ளத்தில் உள்ளது ஒன்று, கையில் உள்ளது ஒன்று எனச் சான்று இரண்டாயின. இன்று வங்கிகள் கடவுச்சொல்லையும், கைத்தொலைபேசிக்கு அனுப்பும் இலக்கத்தையும் ஒருங்கே கேட்பதும் இந்நெறி பற்றியதே. வருபவனை வாயில் ஐயுறுவது போலவே, வாயிலை வருபவன் ஐயுறவும் காரணமுண்டு என்பதையும் இங்கே மனத்திற் கொள்க. போலி வாயில்களைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

பழைய கதை

கணினிக்குக் கடவுச்சொல் வைத்த வரலாறு அமெரிக்காவிலுள்ள மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தும் ஒழுங்கு ஒன்றைப் பேராசிரியர் பெர்னாண்டோ கோர்பாற்றோவும் அவர் குழுவினரும் 1961ஆம் ஆண்டிற் செய்து காட்டினர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கோப்புகள் இருந்தமையால், ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தேவையாயிற்று. அச்சொற்கள் யாவும் ஒரே கோப்பிலே, உள்ளவாறே எழுதி வைக்கப்பட்டிருந்தன.

அடுத்த ஆண்டே அப்பூட்டு உடைந்தது. அலன் ஷேர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரமே கணினியைப் பயன்படுத்த உரிமை இருந்தது. அது போதாமையால், கடவுச்சொற் கோப்பையே அச்சிட்டுத் தரும்படி துளையட்டை ஒன்றின்மூலம் கணினிக்குக் கட்டளையிட்டுப் பெற்றுக்கொண்டார். 1966இல் நிகழ்ந்தது இன்னும் வேடிக்கையானது. நாளாந்த அறிவித்தற் கோப்பும் கடவுச்சொற் கோப்பும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டன. அதன் பயனாகக் கணினியிலே புகுந்த ஒவ்வொருவருக்கும் எல்லோருடைய கடவுச்சொற்களும் வரவேற்புரையாகக் காட்சியளித்தன. அங்கே எவரும் கள்வரல்லர். தவறு, பூட்டு அமைந்த முறையிலேயே இருந்தது.

இதற்குப் பரிகாரம் கண்ட வழி அழகானது. நெல்லைக் குற்றி அரிசியாக்கி, அரிசியை இடித்து மாவாக்கலாம். மாவை மீண்டும் நெல்லாக்க இயலாது. அதுபோலக் கடவுச்சொல்லை ஒரு கணித முறையால் ‘இடித்து’, அம்மாவை மாத்திரம் சேமித்து வைத்தால், கோப்பைக் கண்டவனுக்கும் சொல் வெளிப்படாது. உரியவர் மறுநாள் வந்து சொல்லைக் கூறும்போது அதனையும் அவ்வாறே இடித்து, இரண்டு மாவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தாற் போதும். றொபேர்ட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவரும் யூனிக்ஸ் கணினி ஒழுங்குக்காக இம்முறையைச் செப்பனிட்டு, 1979இல் அதைப்பற்றிக் கட்டுரை ஒன்று வெளியிட்டனர்.

ஒருவழிப்பட்ட இம்முறையும் தனித்துப் போதாது என்பதை அவர்கள் கண்டனர். இருவர் ஒரே சொல்லை வைத்திருப்பின் இருவருடைய மாவும் ஒன்றாயிருக்கும். அன்றியும், கள்வன் அகராதிச் சொற்களையெல்லாம் முன்கூட்டியே இடித்து அட்டவணை செய்து வைத்துக்கொள்ளலாம். ஆகவே, ஒவ்வொருவர் சொல்லோடும் எழுமாறாக எடுத்த ஓர் எண்ணைச் சேர்த்து இடிக்கலாயினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘உப்பு’ என்பதே. அவர்களுடைய உப்பு ஒரே சொல்லை 4096 வேறு மாவுகளாக்க வல்லது. 1999இல் நீல்ஸ் புறோவோஸ், டேவிட் மசியேர் என்னும் இருவர் ‘பீகிறிப்ட்’ என்ற முறையை அளித்தனர். அதன் சிறப்பு, வேண்டுமென்றே மெதுவாக இடிப்பது. உரியவர் தம் சொல்லைக் கூறியபின் இமைப்பொழுது காத்திருப்பதில் இழப்பில்லை. கோடிக்கணக்கான சொற்களை முயன்று பார்க்கும் கள்வனுக்கோ அத்தாமதம் ஆண்டுக் கணக்காகப் பெருகிவிடும். கணினிகளின் விரைவு கூடுந்தோறும் இடிக்கும் சுற்றுகளையும் கூட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவும் அறியப்பட்ட பின்னரும் நிகழ்ந்தவற்றைக் கேளுங்கள். 2009ஆம் ஆண்டு டிசம்பரில் ‘றொக்யூ’ என்ற நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவை மாவாகவேனும் இருந்தனவா எனின், இல்லை. எழுதியது எழுதியவாறே கிடந்தன. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்ட சொல் ‘123456’. 2012இல் ‘லிங்ட்இன்’ நிறுவனத்தின் 65 இலட்சம் மாவுகள் வெளியாயின. அவற்றிலே உப்பு இருக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், களவு போனவை 10 கோடிக்கும் மேல் என்பது தெரியவந்தது. 1979இல் அச்சேறிய பாடம் 2012இலும் கற்கப்படாமலிருந்தது.

இதனாற் கெடுபவர் யார்? ஒரே சொல்லைப் பல வாயில்களுக்கும் வைத்திருக்கும் எளிய மனிதரே. விளையாட்டுத் தளம் ஒன்றிலே களவுபோன சொல்லைக் கொண்டு கள்வர் அவருடைய மின்னஞ்சலைத் திறந்து பார்க்கின்றனர். மின்னஞ்சல் திறந்தால், கடவுச்சொல்லை மறந்தவர்க்கு வழிகாட்டும் கடிதங்கள் யாவும் அவர்கள் கைக்கு வந்துவிடும்.

மாற்றத்தக்கனவும் தகாதனவும்

ஆயத்த வாயில் ஒன்றைச் செய்ய முனையும் இளைஞர் இனிக் கவனிக்கவேண்டியன எவை? நிறம், எழுத்தின் அளவு, மொழி, அறிவித்தல்களின் வாசகம், பெட்டிகளின் வரிசை ஆகிய யாவற்றையும் தள உரிமையாளர் விரும்பியவாறு மாற்ற இடமளிக்கலாம். பெயரைக் கேட்பதா, மின்னஞ்சலைக் கேட்பதா, தொலைபேசி இலக்கத்தைக் கேட்பதா என்பதையும் அவரிடமே விடலாம். உறுப்பினர் பட்டியல் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதையும் வாயில் தானே தீர்மானித்துக்கொள்ளலாகாது. ஒரு நிலையம் பழைய பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். மற்றொன்று புதிதாகத் தொடங்கும். இரண்டுக்கும் ஒரே வாயில் பொருந்தல் வேண்டும்.

மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2005இல் வெளியிட்ட ஏ.எஸ்.பி. நெற் இரண்டாம் பதிப்பிலே இத்தகைய ஆயத்த வாயில் ஒன்று இருந்தது. அதன் தோற்றத்தை முற்றாக மாற்றலாம். உறுப்பினர் பட்டியல் இருக்கும் இடத்தையும் மாற்றலாம். இவை போற்றத்தக்கன. ஆனால், கடவுச்சொற்களை எவ்வடிவிற் சேமிப்பது என்பதையும் உரிமையாளர் தெரிவுசெய்ய விட்டிருந்தனர். இடித்து வைக்கலாம், மறைத்து வைக்கலாம், உள்ளவாறே வைக்கலாம் என மூன்று தெரிவுகள் இருந்தன. எதுவும் சொல்லாவிட்டால் இடித்து வைக்கும் முறையே நடைபெறும் என்றாலும், தீய தெரிவு ஒன்று கைக்கெட்டும் தூரத்திலே வைக்கப்பட்டிருந்தது. கதவின் நிறம் வீட்டுக்காரருடையது. பூட்டின் உள்ளமைப்புக் கொல்லனுடையது. பூட்டே இல்லாத கதவையும் வேண்டுமெனிற் பெற்றுக்கொள்ளலாம் என்று கொல்லன் விலைப்பட்டியலில் எழுதலாகாது.

மறுபுறத்தில், மாற்ற முடியாமையும் குற்றமாவதுண்டு. ‘ஜாங்கோ’ என்னும் புகழ்பெற்ற கட்டமைப்பிலே பயனர் பெயர் 30 எழுத்துக்களுக்குள் அடங்க வேண்டும் என்ற விதி முன்னர் இருந்தது. மின்னஞ்சல் முகவரியையே பெயராகக் கொள்ள விரும்பியோர் பெரிதும் இடர்ப்பட்டனர். 2013இல் வெளிவந்த 1.5ஆம் பதிப்பிலேதான், பயனரைப் பற்றிய பதிவைத் தள உரிமையாளரே வகுத்துக்கொள்ள வழி பிறந்தது. அதே கட்டமைப்பின் நற்பண்பு ஒன்றும் கூறத்தக்கது. இடிக்கும் முறை பழையதாகிவிட்டால், உரியவர் அடுத்தமுறை வந்து தம் சொல்லைக் கூறும் வேளையிலே அதனைப் புதிய முறையால் இடித்து மாற்றி வைத்துக்கொள்ளும். வருபவருக்கு இதனால் எத்தொல்லையும் இல்லை.

வாயிலைக் கடந்தபின் நிகழ்வதும் கவனத்துக்குரியது. இணையம் இயல்பாகவே மறதியுடையது. ஒரு பக்கத்தைக் கேட்டவரை அடுத்த பக்கத்திலே அதற்கு நினைவிருக்காது. 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்றுல்லி என்பவர் ‘குக்கி’ என்ற சிறு சீட்டை அமைத்து இக்குறையை நீக்கினார். காட்சிச்சாலை வாயிலிலே தரும் அநுமதிச் சீட்டைப் போன்றது அது. சீட்டைத் திருடியவன் கடவுச்சொல் இன்றியே உள்ளே செல்வான். ஆகவே, புகுந்தவுடன் புதுச்சீட்டு வழங்க வேண்டும். மறைகுறியிட்ட வழியிலன்றி அதனை அனுப்பலாகாது. வெளியேறுவோர் ‘வெளியேறு’ என்று அழுத்தியதும் சீட்டைத் தளத்தின் பக்கத்திலேயே செல்லாததாக்க வேண்டும். இவை மூன்றும் தெரிவுக்கு விடப்படத்தக்கன அல்ல.

அறிவித்தல்களிலும் நுட்பம் உண்டு. ‘இப்பெயருடையார் இங்கு இல்லை’ என்றும், ‘கடவுச்சொல் மட்டும் பிழை’ என்றும் வேறு வேறாகச் சொல்லும் வாயில், யார் யார் உறுப்பினர் என்பதைக் கள்வனுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. ‘பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை’ என்று ஒரே வாசகமாகக் கூறுதல் முறை. கடவுச்சொல்லை மறந்தோர்க்கு அமைக்கும் வழியே வீட்டின் பின்கதவு. முன்கதவு இரும்பாயிருந்து பின்கதவு கிடுகாயிருப்பின் பயன் என்ன? அவ்வழிக்கென அனுப்பும் இணைப்பு ஒருமுறைக்கே செல்லுபடியாகவும், சிறிது நேரத்தில் அழியவும் வேண்டும். மறந்த சொல்லையே ஒரு தளம் கடிதத்தில் எழுதி அனுப்புமாயின், அது சொற்களை மீட்கத்தக்க வடிவிலே வைத்திருக்கின்றது என்று உணர்ந்துகொள்க.

உரியவரை வெளியே நிறுத்தலாமா?

இதுகாறும் கூறியது கள்வனைத் தடுப்பது பற்றி. ஆனால், வாயிலின் முதற்கடன் உரியவரை உள்ளே விடுதல் அன்றோ? பெரிய எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, குறியீடு ஒன்று சேர்க்கவேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்ற விதிகளை நாம் எல்லோரும் அறிவோம். அமெரிக்க நியம, தொழில்நுட்பத் தேசிய நிறுவனம் முன்னர் வெளியிட்ட வழிகாட்டியின்மூலம் இத்தகைய விதிகள் பெரிதும் பரவின. அதை எழுதிய பில் பேர், தாம் அன்று கூறியவற்றுட் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகக் கூறினார். மனிதர் அவ்விதிகளுக்கு ஈடுகொடுக்கும் முறை யாவர்க்கும் தெரிந்ததே: பழைய சொல்லின் ஈற்றில் ஓர் இலக்கத்தைக் கூட்டிவிடுவர். அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய வழிகாட்டி, காரணமின்றிக் காலந்தோறும் மாற்றச் சொல்லாதீர். எழுத்துக் கலவையை வற்புறுத்தாதீர். நீண்ட தொடர்களுக்கு இடமளியுங்கள். முன்னர்க் களவுபோன சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு அவற்றை மறுத்துவிடுங்கள் என்று அறிவுறுத்தியது.

தமிழருக்கே உரிய இடர்ப்பாடுகள் இரண்டுள. முதலாவது பெயர். ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்ற இரண்டு பெட்டிகளையும் நிரப்பாவிடின் சில வாயில்கள் திறப்பதில்லை. தந்தையின் பெயரைத் தலையெழுத்தாகக் கொள்ளும் நாம் எதை எங்கே எழுதுவது? ஒருவர் ஒரு தளத்தில் தந்தையின் பெயரை முன்னும், மற்றொரு தளத்திற் பின்னும் எழுத நேர்ந்து, இரு பதிவுகளும் ஒவ்வாமற் போய்விடும். பெயருக்கு ஒரே பெட்டி வைத்தலே நேர்வழி.

இரண்டாவது எழுத்து. யுனிக்கோட் முறையிலே ‘கோ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறியையும் அரவையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. கைத்தொலைபேசியிலே ‘கோயில்’ என்ற சொல்லை உள்ளடக்கிக் கடவுச்சொல் வைத்தவர், வேறு விசைப்பலகையில் அதையே எழுதும்போது வாயில் திறவாமற் போகலாம். அவர் தம் நினைவையே ஐயுறுவார். இடிப்பதற்கு முன்னர் இவ்விரு வடிவங்களையும் ஒரே வடிவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதை மேற்கூறிய 2017ஆம் ஆண்டு வழிகாட்டியும் கூறுகின்றது. நிரலிலே சிலவரிகள் போதும். அவற்றை எழுதாதவன் தமிழில் எழுதுவோரை அறியாமலே வாசலில் நிறுத்திவிடுகின்றான்.

இரண்டாம் சான்றுக்கும் இது பொருந்தும். குறுஞ்செய்தி ஒன்றையே நம்பியிருக்கும் வாயில், தொலைபேசியைத் தொலைத்தவரையும், இலக்கம் மாறியவரையும், வெளிநாடு சென்றவரையும் ஒருங்கே வெளியேற்றிவிடும். முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்கங்களைத் தொலைபேசியே கணித்துத் தரும் செயலிகள் உள்ளன. அவற்றுக்கான நியமம் 2011இல் வெளியாயிற்று. தாளிலே எழுதிப் பெட்டகத்தில் வைக்கத்தக்க மாற்று இலக்கங்களும் உள. இவற்றுள் ஒன்றன்றிப் பலவற்றுக்கும் இடம்வைப்பதே நல்ல ஆயத்த வாயிலுக்கு இலக்கணம்.

இனிப் போலி வாயில்கள். வங்கியின் பக்கத்தைப் போலவே தோன்றும் பொய்ப் பக்கத்திலே கடவுச்சொல்லை எழுதி இழந்தோர் எத்தனையோ பேர். 2019இல் உலகளாவிய வலை மன்றம் நியமமாக ஏற்ற முறை ஒன்று இதற்கு மருந்தாகின்றது. நம் தொலைபேசி ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் இணைத் திறப்பை ஆக்கி, ஒன்றைத் தளத்திடம் கொடுத்து, மற்றதைத் தன்னிடமே மறைவாக வைத்துக்கொள்ளும். தளம் விடுக்கும் புதிர் ஒன்றுக்கு மறைவுத் திறப்பால் ஒப்பமிட்டு விடையளிக்கும். இரகசியம் வெளியே செல்வதில்லை. அத்திறப்பு உரிய தளத்தின் முகவரிக்கன்றி வேறொன்றுக்கு இயங்குவதுமில்லை. கண்ணை ஏமாற்றும் போலி வாயில் அதனை ஏமாற்ற இயலாது. ‘பாஸ்கீ’ என்ற பெயருடன் 2022 முதல் இது பொதுமக்களிடையே பரவி வருகின்றது.

அதுகாறும் இல்லத்தார் செய்யத்தக்கன எளியன. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வைத்த சொல்லை வேறெங்கும் வைக்கலாகாது. சொற்கள் பலவாகி நினைவில் நில்லாவிடின், அவற்றைக் குறிப்புப் புத்தகம் ஒன்றிலே எழுதி வீட்டில் நகை வைக்கும் இடத்தில் வைத்துக்கொள்வதிற் குற்றமில்லை. கடல்கடந்த கள்வன் நம் அலுமாரியைத் திறக்க வரமாட்டான். அழைத்துவந்த கடிதத்திலுள்ள இணைப்பை அழுத்தாமல், முகவரியைத் தாமே எழுதிச் செல்லல் வேண்டும்.

நிரல் எழுதப் பழகும் இளைஞர்க்கு ஒன்று. இடிக்கும் முறையைச் சொந்தமாகப் புனைய முற்படாதீர். பலராலும் ஆராய்ந்து தேறிய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆற்றலை வாயிலின் இதமான அமைப்பிலே காட்டுங்கள். செய்து முடித்தபின், கணினியறியாத உங்கள் பேர்த்தியாரை அதன் முன் இருத்தி, ஒரு சொல்லும் சொல்லிக்கொடாமல் அவர் உள்ளே செல்கின்றாரா என்று பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகின்றாரோ அங்கே உங்கள் வேலை எஞ்சியிருக்கின்றது.